யாருடைய இருட்டு?

எங்கம்மா கையெழுத்துப் போடும். தொண்ணூறுகளில் எங்க சேரிக்கு வந்த ராத்திரி வகுப்பில் கத்துக்கிட்டது. போன வருசம் குழுக்கடன் கம்பெனி ஆள் ஒருத்தன் நீட்டிய இங்கிலீசுத் தாளில் ஏழு இடத்தில் அந்தக் கையெழுத்தைப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரி கட்டாவிட்டால் அவள் கடனையும் சேர்த்து அம்மாதான் கட்டணும் என்று அதில் எழுதியிருந்தது, அவள் ஊரைவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "கைநாட்டா இருந்தப்ப நாலு பேர்கிட்ட கேட்டுட்டு வச்சேன். இப்ப எழுதத் தெரிஞ்சவளாச்சேன்னு கேக்காம போட்டுட்டேன்" என்றது அம்மா.

வயதுவந்தோர் கல்வி பற்றிய நம்முடைய எல்லாப் பேச்சையும் இந்த ஒரு வாக்கியத்தின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'எழுத்தறிவற்றவர்' என்று ஒரே ஒரு ஆளைக் கட்டமைக்கிறார்கள். அவருக்குச் சாதி இல்லை, தெரு இல்லை, வீட்டுமொழி இல்லை. அவர் இருட்டில் இருக்கிறார். நாம் ஒளி கொண்டுபோகிறோம். இந்த 'இருட்டு' தானாக வந்ததா? 1991 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 52.21 விழுக்காடு. தலித்துகளில் 37.41. தலித் பெண்களில் 23.76. ஒரே நாட்டில் மூன்று அளவு இருட்டு. இதற்குப் பெயர் அறியாமை அல்ல. சாதி பார்த்து, ஆண் பெண் பார்த்து அளந்து கொடுத்த மறுப்பு. 2011இல் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09, தலித் பெண்களுடையது 65.64. அளவு மாறியிருக்கிறது, வரிசை மாறவில்லை.

அறிவொளி இயக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கிற பெண்கள்கூட சைக்கிளில் போனார்கள். எழுத்து வாழ்க்கையைத் தொட்ட இடம் அது.

ஆனால் எங்க ஊரில் நடந்தது வேறு. ஊர்ப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத் திண்ணையில் வகுப்பு. சேரிப் பெண்களுக்குத் தெருவிளக்கடியில். கேட்டதற்கு, 'அவங்கவங்க வசதிக்கு' என்றார்களாம். சொல்லிக்கொடுக்க வந்த ஊர்ப் பெண், அம்மா 'வூடு' என்றால் 'வீடு'ன்னு சொல்லச் சொல்லித் திருத்தியிருக்கிறது. "ரெண்டு மாசம் வந்துச்சு. எங்க வூட்டுல ஒருவாய் தண்ணி குடிக்கல. எம் பேச்சத் திருத்த மட்டும் வந்துச்சு" என்று அம்மா இப்பவும் சொல்லும். அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: எம்.ஏ. தமிழ் படித்த திமிரில் நானும் அம்மாவின் பேச்சைத் திருத்தியிருக்கிறேன்.

நம் தோழர்கள் பாவ்லோ ஃப்ரெய்ரேவை மேற்கோள் காட்டுவார்கள். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்த முறை அவருடையது. பாடத்துக்கான சொற்களைக் கற்பவர்களின் வாயிலிருந்தே எடுத்தார். எழுத்தறிவில்லாதவருக்கு அன்று அங்கே ஓட்டு கிடையாது. அதனால் எழுத்து என்பது நேரடியாக அதிகாரம். 1964இல் வந்த ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் போட்டது சும்மா இல்லை. அவருடைய மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாம் வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஊர், சேரி என்று பிளந்து கிடக்கிற மண்ணில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து வட்டம் முடிவது? அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு 'ஒடுக்கப்பட்டோர்' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது.

நம் பக்கமும் இந்தக் கேள்வி திரும்ப வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற அருந்ததியர் இருக்கிறார்கள். இருளருக்குத் தனிப் பேச்சு உண்டு. நரிக்குறவர் பேசுவது வாக்ரிபோலி. இவர்களுக்குத் தமிழ் அரிச்சுவடியின் முதல் பக்கமே அயல்மொழி. 'தலித் மொழி' என்று ஒருமையில் நாம் பேசும்போது இவர்களை எங்கே உட்கார வைக்கிறோம்?

2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தபோது, 'வயதுவந்தோர் கல்வி'க்கு 'அனைவருக்கும் கல்வி' என்று பெயர் மாற்றினார்கள். பெயருக்குள் அனைவரும் வந்தாச்சு. பன்முகத்தன்மை என்பது அட்டைப்படத்தில் நாலுவிதச் சேலை கட்டிய பெண்களை நிறுத்துவதல்ல. வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது, யாருடைய வாய்ச்சொல் பாடமாகிறது, கற்றவள் எந்தத் தாளைப் படித்துப் பார்த்து 'போட மாட்டேன்' என்று சொல்ல முடிகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எழுத்தறிவு, கைநாட்டைக் கையெழுத்தாக்கிக் கடன்காரனிடம் ஒப்படைக்கிற வேலைதான்.

எங்க தெருவில் இப்போது ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். அ, ஆ இல்லை. அவரவர் கடன் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு வரியாகத் தமிழில், வூட்டுப் பேச்சில் சொல்லிப் பார்க்கிறோம். அடுத்த மாசம் வகுப்பைப் பள்ளிக்கூடத் திண்ணைக்கு மாற்றணும் என்கிறது அம்மா. அதற்குத்தான் எதிர்ப்பு வரும். வரட்டும்.