நடையும் வினையும்: நாடுகாண் காதை வழி ஒரு நோக்கு

மாந்தர் நடக்கும் வகைகளைச் சுட்ட ஆங்கிலத்தில் ஸ்ட்ரோல், ஸ்ட்ரைட், டிரட்ஜ், லிம்ப் எனத் தனித்தனி வினைகள் பல உள. தமிழிலோ ‘நட’ என்னும் ஒன்றைக் கொண்டே இடர்ப்பட வேண்டியுள்ளது என மொழிபெயர்ப்பாளர் சிலர் கூறக் கேட்கிறோம். முதுகலை மாணவர் கட்டுரைகளிலும் இக்கருத்துத் தலைகாட்டுகின்றது. லிம்ப் என்பதற்கு நொண்டுதல் என்னும் வினை ஊர்தோறும் வழங்குவதையும், தவழ்தல், தத்துதல், தள்ளாடுதல் முதலியன இருப்பதையும் இவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனினும் எண்ணிக்கையைக் கொண்டு வழக்காடுவது நம் நோக்கம் அன்று. நடையையே பொருளாகக் கொண்ட நாடுகாண் காதையை நோக்குவோம்.

புகாரை நீங்கிய கண்ணகி ஒரு காவதம் சென்ற அளவிலேயே சோர்கின்றாள். அச்சோர்ந்த நடைக்கென இளங்கோவடிகள் ஒரு தனி வினையைத் தேடவில்லை. அடி வருந்தியதையும், மூச்சுக் குறுகிப் பலவாக வந்ததையும் சொல்லி அமைகின்றார். மதுரை எதுவென அவள் வினவ, முப்பது காதத்தைச் செவிக்கு ஐந்தாறு காதம் போல ஒலிக்குமாறு கூறிக் கோவலன் நகைக்கின்றான். டிரட்ஜ் என்னும் ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்குமா?

பின்னர்க் கவுந்தியடிகள் வழியின் இயல்பை உரைக்குமிடம் இன்னும் சிறந்தது. சோலை வழியே சென்றால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப் பூவின் உதிரல் மூடியிருக்கும். குழிக்கு அஞ்சி விலகுவோரைத் தாழ்ந்து தொங்கும் பலாக்கனி முட்டும். வயல் வழியே சென்றால், நீர்நாய் கௌவிய வாளை துள்ளும். நீரின் அடைகரை வழியே நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். ஈண்டு நடப்பவரைக் காட்டிலும் நடக்கப்படும் நிலமே பேசுகின்றது. வரப்பிலும் படுகையிலும் நடந்து பழகிய தஞ்சை நாட்டார்க்கு இதன் உண்மையை விளக்க வேண்டுவதில்லை. வடகரை வழியே அரங்கத்தை அடைந்து, ஓடமேறித் தென்கரை சேரும் வரை, நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் இவர்கள் கடப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

இது புலவர் ஒருவரின் விருப்பம் மட்டும் அன்று. மொழியின் அமைப்பும் இதற்கு இடந்தருகின்றது. நடக்கும் பாங்கினை வினைமுற்றிலேயே பொதிந்து வைக்கும் மொழிகள் ஒருவகை; இயங்கும் திசையை முற்றில் வைத்துப் பாங்கினைப் பிறிதொரு சொல்லால் கூறும் மொழிகள் மற்றொரு வகை. 1985இல் லியனார்டு டால்மி விரித்துரைத்த இப்பாகுபாட்டில், ஆங்கிலம் முன்னதன்பாற்படும்; தமிழ் பெரிதும் பின்னதன்பாற்படும். ‘நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்’ என்புழிப் பாங்கு எச்சத்தில் நிற்கின்றது. முற்று வந்தானோ போனானோ எனக் கூறுவோன் நிற்கும் இடத்தைத் தெரிவித்தே தீர வேண்டும். ஆங்கிலத்தார் இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். நமக்கு அவ்வுரிமை அரிது. வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வரையறுத்தது இதனாலேயே என்பது நம் கருத்து.

இனி, இழப்பே இல்லை என்று வாதிடுவதும் நேர்மை ஆகாது. இயலுதல் என்பது பண்டு நடத்தலையும் குறித்தது. இன்று கூடுதல் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. செல்லுதலைக் குறித்த படர்தல் இன்று கொடிக்கும் தேமலுக்கும் உரியதாயிற்று. (‘நடவு நடக்கிறது’ என்னும் தஞ்சை வழக்கில் இரு சொற்களும் ஓரடிப் பிறந்தன என மாணவர் மயங்குவது உண்டு, முன்னது நடு என்பதன் வழியது.) இம்மூன்றனுள் நாம் மிக வருந்துவது ஒதுங்குதல் பற்றியே. மெல்ல நடத்தலைச் சங்கச் செய்யுளில் அழகுறக் குறித்த அச்சொல்லுக்கு, நடத்தல் என்னும் பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தவறாது தருகின்றது. ஆயினும் இன்றைய கதையாசிரியர் எழுத்தில், மழைக்குத் திண்ணையில் ஒதுங்குவோரையே காண்கிறோம். ஒதுங்கி வருவோரைக் காணோம்.