மெதுவாகப் போகத் தெரிந்த வண்டி

பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும் முடிந்து, ஐம்பதைத் தாண்டியபின் மறுபடி பைக் வாங்கப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை குதிரைசக்தி என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்கலாம். இந்த வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும்? கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால், மேல் கியரிலேயே, கிளட்ச்சைத் தொடாமல், உதறாமல் நடக்குமா? பாடகரை விளம்ப காலத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று சபாக்களில் பெரியவர்கள் சொல்வார்களே, வண்டிக்கும் அதுவேதான்.

இந்தக் கோட்டி எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கூடவே கனமான ஃப்ளைவீல். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் அந்த ஃப்ளைவீல்தான் வண்டியைச் சுமந்துகொண்டு போகும். கல்லணையிலிருந்து திருவையாறு வரும் காவிரிக்கரைச் சாலையில், ஆடு மாடு குறுக்கே வரவர, டாப் கியரை மாற்றாமலே ஓட்டியிருக்கிறேன். அந்த வேகத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். திராட்டிலைக் கொஞ்சம் திறந்தால் போதும், இழுவை அடியிலிருந்தே வந்துவிடும், அவசரமே படாது. சிக்னலில் நிற்கும்போது குதிகாலால் அந்தக் குட்டி நியூட்ரல் லிவரை ஒரு தட்டு தட்டினால் நாலாவது கியரிலிருந்து நேராக நியூட்ரல். அதற்கு இணையான வசதி அதற்குப்பின் எந்தக் கம்பெனிக்காரருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், டேப்பெட் வைத்தபின் புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது. இன்ஜின் ஆறாமல் அதைத் தொடவே மாட்டார். “சூடா இருக்கையில டேப்பெட்டு பொய் சொல்லும் தம்பி, காலையில வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். கார்புரேட்டர் திருகைக் காதால்தான் திருகுவார். இன்றைய சர்வீஸ் சென்டரில் வண்டி உள்ளே போகிறது, கழுவித் துடைத்து வெளியே வருகிறது. நடுவில் அதைக் காதுகொடுத்துக் கேட்டவர் யார் என்று தெரிவதில்லை.

பழைய புல்லட்டில் பழகியவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நமக்குக் கியர் வலது காலில், ஃபர்ஸ்ட் மேலே, மற்றதெல்லாம் கீழே. பிரேக் இடது காலில். இப்போது எல்லாம் தலைகீழ். சும்மா போகும்போது இது இரண்டே நாளில் பழகிவிடும். நாய் குறுக்கே பாயும்போதுதான் வினை. மூளை யோசிப்பதற்குள் இடது கால் பிரேக்கைத் தேடி அழுத்தும், அங்கே இருப்பதோ கியர். அதனால் முதல் சில வாரம் காலி மைதானத்தில் திடீர் பிரேக் போட்டுப் பழகுவது நல்லது. எஸ்டி, ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அந்தக் காலத்து டிரம் பிரேக்கை நம்பாமல் வளர்ந்த நம் எல்லாருடைய வலது கையும் ஒன்றைப் புதிதாகக் கற்றாக வேண்டும்: முன்பிரேக் இப்போது உண்மையிலேயே பிடிக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம்.

ஆர்எக்ஸ் 100 என்றதும் கண் கலங்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி இன்று புது வண்டி விலைக்குக் கைமாறுகிறது. அந்தச் சீற்றத்தை நான் குறை சொல்லவில்லை, அந்த எடைக்கு அது மந்திரம்தான். ஆனால் இன்ஜின் வேகம் எடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். கும்பகோணம் கடைத்தெருவில் அதை நடக்கவிட்டுப் பாருங்கள், முணுமுணுத்துக்கொண்டே வரும். தவிர, புதுப்பேட்டை உதிரிபாகங்களால் கட்டிய உடம்புக்கு எவருடைய ஆர்சி புத்தகம் ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் மகன் வேறு கட்சி. “சித்தப்பா, ஸ்பீட் 400 எடுங்க. நாப்பது குதிரை. இதை விட்டுட்டு யாராவது புல்லட்டு வாங்குவாங்களா?” என்றான். ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி, பிரேக்கும் வளைவில் சாயும் நிதானமும் என் வயதுக்கே ஆசை காட்டின. ஆனால் நெரிசலில் கியரைக் குறை, குறை என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வயதில் அது விளையாட்டு, என் முழங்காலுக்கு வேலை. ஹோண்டா சிபி 350 மட்டும்தான் கொஞ்ச நேரம் என்னை யோசிக்க வைத்தது. கீழ்வேகத்தில் நன்றாகவே நடக்கிறது, கியர் வெண்ணெய். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், ‘ரொம்ப ஒழுங்காக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் 2023இல் வந்த புது புல்லட் 350தான். 72க்கு 85.8 அளவில் ஜே சீரிஸ் இன்ஜின், 4000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் டார்க். அதிர்வைத் தணிக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் வந்துவிட்டது, கிக்கர் போய்விட்டது. இது புல்லட்டே இல்லை, பீட் செத்துவிட்டது என்று பழைய கோஷ்டி புலம்புகிறது. காதுக்கு அது உண்மைதான். அந்தத் தனித்தனி அடி இப்போது கொஞ்சம் குழைந்துதான் கேட்கிறது. ஆனால் அந்தப் பழைய நடை உள்ளே அப்படியே இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்டிலும் தேர்டிலுமாக இதை ஏற்றிப் பாருங்கள். மேலே போய்ச் சேரும்போது மணிக்கட்டு வலிக்காது. அந்தக் காலத்தில் வலித்தது.

எடைதான் சங்கடம், 195 கிலோ. ஷோரூமில் பெயின்ட் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், முதலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். பிறகு சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இடுப்பு முனகினால் 181 கிலோ ஹன்டர் பக்கம் போகலாம். அதே இன்ஜின், சின்ன சக்கரம், உட்காரும் உயரமும் குறைவு. என் கண்ணுக்கு அது பாதி புல்லட்தான், ஆனால் முதுகுக்குக் கண் கிடையாதே. டெஸ்ட் ரைடு என்று பைபாஸுக்கு அழைத்துப் போய் ஒரு சுற்றில் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சாயங்கால நேரத்தில் காய்கறிச் சந்தை வழியாக ஓட்டக் கேளுங்கள்.

வாங்கியதும் சைலன்சரை மாற்றுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவே அதிரும் வெற்றுக் குழாயை மாட்டுகிறார்கள், இளைஞர்கள் மட்டுமல்ல, நரைத்த தலைகளும். அதில் கேட்பது புல்லட் சத்தமே இல்லை, வெறும் கத்தல். போலீஸ் பிடித்தால் அபராதம் வேறு. அந்தக் காசுக்கு உருப்படியான ஹெல்மெட் ஒன்று வரும்.