முத்திரையிட்ட கடிதமும் விதிவிலக்கும்: கார்லைலின் 1844ஆம் ஆண்டுக் கடிதம் குறித்து

அந்தரங்கம் என்பது முதலாளித்துவத் தனியாள்வாதத்தின் எச்சம் என்றும், ஆதலின் மறைகுறியாக்கம் பற்றிய இன்றைய விவாதம் முற்போக்காளர்க்குரியதன்று என்றும் நம்மிடையே ஒரு கருத்து நிலவுகிறது. தன்னலமே குறியான தனிமனிதனின் உரிமைகளை மார்க்ஸ் கண்டித்த ‘யூதர் பிரச்சினை குறித்து’ என்னும் கட்டுரை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. அது வெளிவந்தது 1844இல். அதே ஆண்டு இலண்டனில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தை இதனோடு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

பாரதியின் கவிதை வாயிலாக நாமறிந்த மாஜினி அப்போது இலண்டனில் அகதியாக வாழ்ந்தார். தமது கடிதங்கள் உடைத்துப் படிக்கப்படுகின்றன என ஐயுற்று, உறைகளுள் கசகசா விதைகளையும் மணலையும் இடச்செய்து உண்மையைக் கண்டறிந்தார். உள்நாட்டமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரஹாமின் ஆணைப்படியே அது நடைபெற்றது. தோமஸ் டன்கூம் இதனைப் பாராளுமன்றத்தில் எழுப்பியதையடுத்து, மாஜினியின் நேர்மைக்குச் சான்று பகர்ந்து கார்லைல் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார்.

இக்கடிதத்தின் மொழி நுணுகி ஆராயத்தக்கது. கடிதம் உடைத்தலைச் சட்டைப்பைத் திருட்டுக்கு இனமானதாகக் கார்லைல் காண்கிறார். கூரிய உவமைதான், ஆயின் உடைமையாளனின் உவமை. இருவரிடையே நிகழும் உறவாகவன்றி, ஒருவனது பையிலுள்ள பொருளாகவே கடிதம் இங்கு கருதப்படுகிறது. அடுத்து வருவது இன்னும் முக்கியமானது. வெடிமருந்துச் சதியை ஒத்த பேராபத்து நேரின் கடிதங்களை உடைக்கலாம் என்று அவரே வழிவிடுகிறார். பேராபத்து எதுவெனத் தீர்மானிப்பவர் யார்? கடிதத்தில் விடையில்லை, நடைமுறையில் அதே உள்நாட்டமைச்சர்தாம். 1842இன் வேலைநிறுத்தங்களின்போது சாசன இயக்கத்தினரின் கடிதங்களும் இவ்வாறே உடைக்கப்பட்டமை பாராளுமன்ற இரகசியக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. கார்லைல் இதனை முன்னரே அறிந்திருக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. எனினும், மாஜினியோடு மனுவில் ஒப்பமிட்டோருள் சாசன இயக்கத்தவரான வில்லியம் லவெட்டும் ஒருவர். சாசன இயக்கத்தைப் பற்றி 1839இல் தனிநூலே எழுதிய கார்லைலின் கண்ணுக்கு இங்கு மாஜினி மட்டுமே புலப்படுகிறார். நண்பரின் பண்புநலன் உரிமைக்கு ஆதாரமாகும்போது, அத்தகைய நண்பரற்ற தொழிலாளியின் கடிதம் காப்பற்றுப் போகிறது.

மார்க்ஸிடம் இவ்வாறான மயக்கம் இல்லை. 1852இன் கொலோன் வழக்கின்போது எதிர்வாதத்துக்குரிய ஆவணங்களைப் பிரஷ்யப் பொலிசாரின் கண்ணிற் படாதிருக்க வணிகர் முகவரிகள் வழியாக அவர் அனுப்பினார். அமைப்பாகத் திரள்வோர்க்கு இரகசியம் எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வழக்குப் பற்றி அவர் 1853இல் வெளியிட்ட நூல் காட்டும். 1844இன் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இந்நூலையும் வாசித்தல் நன்று.

மாஜினி விவகாரத்தின் விளைவாக மறைகுறி அவிழ்க்கும் பிரிவு 1844இலேயே கலைக்கப்பட்டது. அமைச்சரின் அதிகாரமோ அவ்வாறே நிலைத்தது. 2016இல் கன்சர்வேட்டிவ் ஆட்சி இயற்றிய புலனாய்வு அதிகாரச் சட்டம் அதனை மின்னணுத் தொடர்புகளுக்கென விரிவாக வகுத்தது. 2025 பெப்ரவரியில், தொழிற்கட்சி ஆட்சியின்போது, ஆப்பிள் நிறுவனம் தனது உயர்நிலை மறைகுறியாக்க வசதியைப் பிரித்தானியாவிலிருந்து விலக்கிக்கொண்டது. இதற்குக் காரணமெனச் செய்தியிதழ்கள் குறிப்பிட்ட உள்நாட்டமைச்சின் ஆணை இரகசியமானது. ஆகவே அதன் சொற்களைக் கார்லைலின் சொற்களைப்போல் நாம் எடுத்து ஆராய இயலவில்லை.