காதலுக்கு எந்த மொழி?

வூடி ஆலனின் 'விக்கி கிறிஸ்டினா பார்சலோனா' (2008) பார்த்த அன்று எங்களுக்குள் சண்டை. ஒருதார மணத்தைக் கட்டுடைக்கிற படம் என்றார் தோழர். 'ஒருத்தனைச் சுத்தி மூணு பொண்ணுங்க, இதுல என்ன விடுதலை?' என்றார் தோழி. எனக்கு உறுத்தியது வேறு. கோடையைக் கழிக்க வரும் அமெரிக்கப் பெண்களில் விக்கி, கத்தலான் அடையாளத்தை ஆய்பவள். படத்திலோ கத்தலான் மொழி ஏறக்குறைய இல்லை. 1975வரை பிராங்கோவின் ஆட்சி பொதுவாழ்விலிருந்து துரத்திய மொழி அது. ஓவியன் ஹுவான் அந்தோனியோவின் முன்னாள் மனைவி மரியா எலெனா கோபத்தில் ஸ்பானிஷில் கொட்டும்போதெல்லாம், கிறிஸ்டினாவுக்காக இங்கிலீஷில் பேசச் சொல்லி அதட்டுகிறான். நாங்க எல்லாருமே சிரிச்சோம். மூவரும் சமம் என்கிற காதலில், யாருக்காக யார் மொழி மாறுவது என்பது முன்பே முடிவாகிவிட்டது. தோழரும் தோழியும் அந்தச் சிரிப்பிலிருந்து மறுபடி சண்டையைத் தொடங்கட்டும்.