இரவெல்லாம் ஓடியது, காலையில் விழுந்தது

பிராசசரைச் சோதிக்கும் பிரைம்95 இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு வரை ஒரு பிழைகூடக் காட்டவில்லை. அதை நிறுத்திவிட்டு, காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து மின்கட்டண ரசீதைத் திறந்தேன். திரை கறுத்தது. நீலத்திரைகூட வரவில்லை, மதர்போர்டின் லோகோதான் வந்து நின்றது. ஆறு கோர்களையும் எட்டு மணி நேரம் சக்கையாகப் பிழிந்தபோது அசையாத பிராசசர், ஒரு ரசீதைத் திறக்க மாட்டாமல் விழுகிறது. ஓவர்கிளாக்கை அமைத்துக் கொடுத்த அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "நைட்டு ஃபுல்லா பிரைம் பாஸ் ஆயிடுச்சுல்ல மாமா? அப்ப ஸ்டேபிள்தான். பவர் சப்ளையைப் பாருங்க" என்றான்.

இந்த ஒரு பதிலுக்குள் ஓவர்கிளாக் செய்கிறவர்களின் கால் நூற்றாண்டுப் பழக்கம் அடங்கியிருக்கிறது. அதில் பாதி பொன். மீதியோடுதான் எனக்குச் சண்டை.

பொன்னை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்று, சோதி, எழுதிவை, பிறகு அடுத்ததைத் தொடு. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சடங்காகத் தோன்றும். ஆனால் 1998இல் வந்த செலரான் 300ஏ-வை நினைத்துப் பாருங்கள். பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450இல் ஓடும். இடையில் 83 என்றொரு படி இருந்தது. துணிச்சல் போதாதவர்கள் அதில் நின்றார்கள். அங்கேதான் ஹார்ட் டிஸ்க் உளறத் தொடங்கியது. குற்றம் பிராசசரில் இல்லை. 66இல் பஸ்ஸை இரண்டால் வகுத்து, ஹார்ட் டிஸ்க் சார்ந்திருக்கும் பிசிஐக்கு 33 மெகாஹெர்ட்ஸ் போகும். 83லும் அதே இரண்டுதான், ஆகவே பிசிஐ 41ஐத் தாண்டிவிடும். 100க்குப் போனால் மூன்றால் வகுபட்டு மறுபடி 33. வேகத்தைக் கூட்டியதும் கோளாறு தீர்ந்த விந்தை இது. பஸ், வோல்டேஜ், ராம் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியவருக்கு இது ஜென்மத்துக்கும் பிடிபட்டிருக்காது.

பிரைம்95உம் மதிக்க வேண்டிய கருவிதான். ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்ட நிரல் அது. அதன் சோதனையில் விடை முன்கூட்டியே தெரியும். கணக்கில் வரும் முழுமையாக்கப் பிழை 0.4க்குள் இருக்க வேண்டும். மீறினால் அந்த இடத்திலேயே நின்று, பிழை என்று எழுதிவிடும். விண்டோஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இங்கேதான் அதன் உண்மையான பெருமை: கம்ப்யூட்டர் விழாமலே தப்பாகக் கணக்குப் போடும் என்பதை அது நம் கண்ணெதிரே காட்டுகிறது. நான் பயப்படுவது ரீஸ்டார்ட்டுக்கு அல்ல. கல்யாணப் போட்டோக்களைச் சுருக்கி வைத்த ஜிப் கோப்பு ஆறு மாதம் கழித்துத் திறக்க மறுப்பதற்குத்தான். தடுமாறும் பிராசசரைச் சோதிக்கும் நாட்களில் அப்படிப்பட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கில் ஏற்றி, கேபிளையும் கழற்றி வைத்துவிட வேண்டும். இதைச் செய்கிறவர்கள் மிகச் சொற்பம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். "கடினமான சுமையில் நின்றால் இலகுவான சுமையில் நிற்கும்" என்ற நம்பிக்கை 2011இல் சரியாக இருந்தது. அந்த ஆண்டு வந்த ஐ5-2500கே-யில் பெருக்கியை 45 என்று வைத்தால் எல்லாக் கோர்களும் 4.5 கிகாஹெர்ட்ஸில் போகும். சுமை கூடக்கூடச் சூடு கூடும், வோல்டேஜ் சற்று இறங்கும். மிகக் கடினமான வேலையே மிக மோசமான நிலை. என் மேசையில் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ். அதில் அக்கா மகன் செய்தது இரண்டு: பூஸ்ட் வரம்பில் 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதல், கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30. ஒரு புள்ளிக்கு மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட் என்றால், 90இலிருந்து 150 மில்லிவோல்ட் வரை வெட்டியாயிற்று. ஆனால் 76 வாட் மின்வரம்பை அவன் தொடவில்லை. பிரைம்95 ஓடும்போது அந்த வரம்பே பிராசசரை 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அடக்கி வைக்கிறது. இரவு முழுவதும் நாங்கள் சோதித்தது அந்த அடங்கிய நிலையைத்தான். ரசீதைத் திறக்கும் கணத்தில் ஒற்றைக் கோர் 4.85க்குத் தாவுகிறது. அந்த உச்சியை எட்டு மணி நேரத்தில் ஒரு நொடிகூட நாங்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

ஈவென்ட் வியூவரைத் திறந்தால் விடை அங்கேயே கிடந்தது. வியா-லாகர், எண் 18, கேஷ் ஹையரார்க்கி பிழை, ஏபிஐசி ஐடி 4. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் இரண்டால் வகுத்தேன்: கோர் 2. முந்தைய மூன்று ரீஸ்டார்ட்டுகளிலும் அதே எண். பவர் சப்ளை மேல் பழி போட்டிருந்தால் நான்காயிரம் ரூபாய் தண்டம்.

இந்தப் பழக்கத்தின் இன்னொரு நோய் வோல்டேஜ். சளிக்கும் அதே கஷாயம், காய்ச்சலுக்கும் அதே கஷாயம். 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் அப்படியே இருக்க, மின்செலவு ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனென்றால் அது வோல்டேஜின் இருமடியைப் பின்தொடர்வது. சூடு கூடினால் அதே வேகத்துக்கு இன்னும் வோல்டேஜ் கேட்கும். நீலத்திரை எண்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 124க்கு நேராக "வோல்டேஜைக் கூட்டவும் அல்லது குறைக்கவும்" என்று இருக்கும். வைத்தீஸ்வரன்கோவில் ஏட்டில்கூட இதைவிடத் துணிந்து சொல்வார்கள்! அந்த எண் சொல்வது, ஹார்டுவேர் தன்னால் திருத்த முடியாத பிழையைக் கண்டது என்பதை மட்டுமே. சுமையில் வோல்டேஜ் இறங்குவதைக் கோளாறு என்று எண்ணி, அதை ஈடுகட்டும் லோடுலைன் அமைப்பை உச்சத்தில் வைப்பதும் இப்படித்தான். அந்த இறக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதை அழித்தால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும்.

"ஸ்டாக் நிலைக்குத் திரும்பு" என்ற அறிவுரையை நான் இன்றும் நம்புகிறேன், முன்போல் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ராமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பியை இயக்கியபடியே ஸ்டாக் என்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஓவர்கிளாக்தான். பிறகு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் வந்தன. எதையும் தொடாதவர்களின் கம்ப்யூட்டர்களே விழுந்தன. சில விளையாட்டுகள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்ல, சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டு மேல் போனது. 2024இல் இன்டெல் அதிகப்படியான வோல்டேஜே காரணம் என்று ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு திருத்தம் தந்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லுக்கு அந்தத் திருத்தம் மருந்தாகாது. எல்லாச் சோதனைக்கும் அடிக்கல்லாக நாம் வைக்கும் ஸ்டாக் நிலையே ஆடிய கதை அது.

என் கம்ப்யூட்டரில் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை ஓட்டினேன். கோர் 2 மைனஸ் 12இல்தான் நின்றது. மற்றவை மைனஸ் 22 முதல் 28 வரை தாங்கின. பதினோரு இரவு. கிடைத்த லாபம் உச்ச வேகத்தில் 4.65 என்பது 4.85 ஆனது, அதாவது நூற்றுக்கு நாலரைகூட இல்லை. இத்தனையும் மார்கழிக் குளிரில் நடந்தது. கத்திரி தொடங்கியதும் கோர் 2-ஐ மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆறு எண்களையும் எழுதிய தாளை கேபினட்டின் பக்கத் தகட்டில் உட்புறமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.