இருவரும் ஒப்பினால் போதுமா?

'ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்களாமே?' மணமுறிவு என்றதும் மலாக்காவின் புக்கிட் காத்தில் வட்டாரத்தில் எழும் கேள்வி இது. தமிழ்நாட்டுத் தொடர்களைப் பார்த்து வந்த எண்ணம். அந்த ஆறு மாதம் இந்தியாவுக்கு உரியது.

அங்கே 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர ஒப்புதலுக்கு 1976இல்தான் இடம் கிடைத்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து அதே முடிவைச் சொல்ல வேண்டும். ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பொறுப்பும் தீர்ந்துவிட்ட வழக்குகளில் இந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இலங்கையின் நிலைதான் என்னை வருத்துகிறது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களை ஏற்கிறது: பிறர் உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், மணநாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. மனமொத்துப் பிரிதல் அதில் இல்லை. தேசவழமை என்ற மரபுச் சட்டம் யாழ்ப்பாணத்தாரின் சொத்தைப் பற்றிப் பேசும், இதற்கு உதவாது. ஆகவே சண்டையின்றிப் பிரிய நினைப்பவர்களிலும் ஒருவர் மற்றவர்மீது மாவட்ட நீதிமன்றத்தில் குற்றம் சாட்ட வேண்டும். மற்றவர் எதிர்வாதம் செய்யாமல் இருப்பார். பிள்ளைகளின் தாயையோ தந்தையையோ ஏட்டில் குற்றவாளியாக்கித்தான் விடுதலை. இத்தனைக்கும் கண்டிச் சிங்களவர்களுக்கான 1952ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டப் பதிவாளரிடமே ஒப்புதலோடு பிரிய வழி தருகிறது. ஒரே நாட்டில் தமிழருக்கு அந்த வழி ஏன் இல்லை?

நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நேர்மையானது. மணமாகி இரண்டு ஆண்டு கடந்திருந்து இருவரும் ஒப்பினால், உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு. மலாக்காக்காரர்களுக்கு அது பக்கத்து ஆயர் குரோவில். பிரிந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் முதலில் கிடைப்பது இடைக்கால ஆணை. வழக்கமாக மூன்று மாதம் கழித்தே அது முழுமையாகும். அதற்குமுன் மறுமணம் செல்லாது. இலங்கையிலும் இந்த மூன்று மாதம் உண்டு.

ஒருவர் மட்டும் கேட்டால், நீதிமன்றத்துக்கு முன் தேசியப் பதிவுத் துறை (ஜேபிஎன்) அலுவலகத்தின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். கணவர் எங்கே போனார் என்றே தெரியாத பெண்கள் இதைக் கேட்டுத் திகைத்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது. நேராக மனுப் போடலாம்.