லீஃப்லெட்: எல்லாம் சரி, எண்களின் வரிசையைத் தவிர

கள்ளக்குறிச்சியின் அட்சம் 11.74, தீர்க்கம் 78.96. இந்த இரண்டு எண்களையும் முன்பின்னாக எழுதிவிட்டால், வரைபடத்தில் குறி போய் விழும் இடம் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். இந்தியா 2008-இல் தன் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரியைத் திறந்த நி-ஆலெசுண்ட் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். சென்னையை இப்படி மாற்றினால் அந்தத் தீவுகளுக்கு வடக்கே கடல், மதுரையை மாற்றினால் மேற்கே கடல், யாழ்ப்பாணமும் கடலில்தான். லீஃப்லெட் இதில் எதையும் தப்பென்று சொல்வதில்லை. பிழைச் செய்தி வராது. கன்சோலில் சிவப்பு வரி வராது. கொடுத்த இடத்தில் குறியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

இணையப் பக்கத்தில் வரைபடம் போடுவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனால்தான் இந்த ஒரு குறை இவ்வளவு உறுத்துகிறது. தமிழ்நாட்டுப் பறவைச் சரணாலயங்களுக்கான ஒரு சிறிய தளத்துக்காகச் சில வாரங்களாக இதோடுதான் இருக்கிறேன். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறி. தட்டினால் எந்த மாதத்தில் போகலாம், எப்படிப் போகலாம் என்று தமிழில் ஒரு பெட்டி விரியும். ஏரியின் எல்லை நீலக்கோடாகத் தெரியும். வேண்டியது அவ்வளவுதான்.

லீஃப்லெட்டின் வரலாறும் அளவும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவையே. உக்ரைனின் கீவ் நகரில் வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது. சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 42 கேபி. காசு இல்லை, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. கூகுள் மேப்ஸ் 2018-இல் கட்டண முறையை மாற்றி, பில்லிங் கணக்கு இல்லாமல் நிரலிலிருந்து வரைபடத்தை அழைக்க முடியாது என்று ஆக்கியபோது, சிறிய தளங்கள் பலவும் தேடிவந்த இடங்களில் இதுவும் ஒன்று. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் ஏரிக்கரையில் திறந்தாலும் விரலோடு கூடவே நகர்கிறது. பாப்-அப் பெட்டிக்குள் இருப்பது சாதாரண எச்டிஎம்எல் என்பதால், பக்கத்துக்கு நாம் கொடுத்த தமிழ் எழுத்துருவே அங்கும் வந்துவிடுகிறது. தனியாக எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை.

இனி வரிசைக்கு வருகிறேன்.

லீஃப்லெட்டில் ஒரு குறியை வைக்க எல்.மார்க்கர் என்று அழைத்து, சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் தரவேண்டும். முதலில் அட்சம், பிறகு தீர்க்கம். கூகுள் மேப்ஸில் ஓரிடத்தை வலது-கிளிக் செய்தால் கிடைப்பதும் இதே வரிசை. பறவை ஆர்வலர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து நகலெடுத்தவை. ஆனால் ஏரி எல்லைகள் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிலிருந்து ஜியோஜேசன் கோப்பாக வருகின்றன. 2016-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7946 என்ற ஜியோஜேசன் தரநிலையில் தீர்க்கம்தான் முதலில், அட்சம் அடுத்து.

இரண்டு வழக்கங்களுக்கும் காரணம் உண்டு. சூரியனின், துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து மாலுமிகள் அட்சத்தை என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார்கள். கடலில் தீர்க்கத்தைத் துல்லியமாக அறிவதற்கு நம்பகமான கடிகாரம் வேண்டியிருந்தது. அது 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அட்சத்தை முதலில் சொல்லும் பழக்கம் அந்தக் காலத்தது. கணிதம் படித்தவருக்கோ கிடைமட்ட அச்சு முதலில், செங்குத்து அச்சு பிறகு. தீர்க்கம் கிடைமட்டம் என்பதால் அது முன்னே போகிறது. மேப்லிப்ரே என்ற இன்னொரு வரைபட லைப்ரரியும், இடத்தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் இந்த இரண்டாவது கட்சி. லீஃப்லெட் முதல் கட்சியில் சேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை.

என் சினம் வேறு. ஒரே லைப்ரரிக்குள் இரண்டு வரிசைகளும் நடமாடுகின்றன. எல்.ஜியோஜேசன் என்ற வசதியிடம் கோப்பைக் கொடுத்தால் அதுவே எண்களைத் திருப்பிக்கொண்டு எல்லையைச் சரியாக வரைகிறது. அதே கோப்பிலிருந்து ஒரு முனையின் எண்களை எடுத்து, அங்கே பெயர்ப்பலகை வைக்கலாமென்று எல்.மார்க்கரிடம் கொடுத்தால் யாரும் திருப்புவதில்லை. ஏரி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது, அதன் பெயர் ஆர்க்டிக்கில் இருக்கிறது. நிரலைப் படித்தால் இரண்டு வரிகளும் சரியாகவே தோன்றும்.

எண்களின் எல்லையைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். டோக்கியோவின் தீர்க்கம் 139-ஐத் தாண்டியது. அதை அட்சமாகக் கொடுத்தால் 90-க்கு மேல் அட்சமே கிடையாது என்று ஒரு நிரலால் கண்டுபிடித்துவிட முடியும். லீஃப்லெட் அதைக்கூடச் செய்வதில்லை. கொடுத்தது எண்தானா என்று மட்டும் பார்க்கிறது, குறியை வரைபடத்தின் மேல் விளிம்பில் ஒட்டிவிடுகிறது. ஆனால் அந்தச் சோதனை இருந்தாலும் நமக்குப் பயனில்லை. தமிழ்நாடு 76 முதல் 80 பாகைத் தீர்க்கத்தில் கிடக்கிறது, இலங்கையும் ஏறக்குறைய அதே வரிசையில். இவை எல்லாம் அட்சமாகவும் செல்லக்கூடிய எண்கள். நம் ஊர்த் தரவுக்கு இந்தப் பிழை முழுக்க முழுக்கச் சத்தமில்லாதது.

ஒரு குறி மட்டும் திரும்பியிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. எல்லாக் குறிகளும் தெரியும்படி வரைபடத்தை விரிக்கும்போது, அது குமரியிலிருந்து துருவம் வரை விரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாமே திரும்பியிருந்து, பார்வை மட்டும் தமிழ்நாட்டில் நிற்கும்போதுதான் வினை. வரைபடம் இருக்கும், குறிகள் இருக்காது. குறியின் படக்கோப்பு ஏற்றப்படவில்லை என்று நினைத்து அங்கே தேடுவோம். அந்தச் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் போன்ற பண்ட்லர்களோடு சேர்க்கும்போது குறிப்படம் காணாமல் போவது லீஃப்லெட்டின் பழைய, ஊரறிந்த தொல்லை.

இதற்கு மருந்து லீஃப்லெட்டிலேயே இருக்கிறது. வெற்று எண்களுக்குப் பதிலாக, லேட் இது, லாங் இது என்று பெயரிட்ட பொருளாகக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது. பெயரிட்டுவிட்டால் எது முதலில் வந்தால் என்ன? ஆனால் ஆரம்பப் பாடமே லண்டனின் 51.505, -0.09 என்ற வெற்று எண்களோடுதான் தொடங்குகிறது. புதிதாக வருபவர் அதைத்தான் நகலெடுப்பார், அதையே பழகுவார். பெயரிட்ட வடிவத்தை முதல் பக்கத்தில் வைத்திருந்தால் எத்தனை பேரின் இரவு மிச்சமாகியிருக்கும்!

மற்ற குறைகள் சிறியவை. மறைந்திருக்கும் டேபுக்குள் வரைபடம் வைத்தால் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். திறந்ததும் இன்வாலிடேட்-சைஸ் என்று ஒருமுறை அழைத்தால் சரியாகும். உடன்வரும் சிஎஸ்எஸ் கோப்பைச் சேர்க்காவிட்டால் வரைபடத்தின் துண்டுப் படங்களான டைல்கள் சிதறிக் கிடக்கும். வரைபடத்தைச் சுழற்ற, சாய்க்க வேண்டுமென்றால் மேப்லிப்ரேயிடம் போங்கள். அது அளவில் பல மடங்கு பெரியது, அந்த வேலைக்கு அது தகும்.

2025 மே மாதம் 2.0-இன் ஆல்ஃபா வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒருவழியாகக் கைவிட்டு, புதிய மாட்யூல் முறைக்கு மாறியிருக்கிறார்கள். எல்.மார்க்கர் போன்ற பழைய அழைப்புகள் போய்விட்டன. வெளியிடப்போகும் தளத்துக்கு இன்னும் 1.9.4-தான் என் தேர்வு.

பள்ளி, நூலகம், கோயில், ஏரி என்று ஊரின் இடங்களைக் காட்டவேண்டிய எந்தத் தளத்துக்கும் தயங்காமல் லீஃப்லெட்டைப் பரிந்துரைக்கிறேன். இரண்டே இரண்டு வேண்டுகோள். தரவுக் கோப்பில் லேட், லாங் என்று தனித்தனியாகப் பெயரிட்டே எண்களை வையுங்கள். தெற்கே 8, மேற்கே 76, வடக்கே 13.6, கிழக்கே 80.4 என்று தமிழ்நாட்டுக்கு ஒரு சட்டம் கட்டி, ஒவ்வொரு குறியும் அதற்குள் இருக்கிறதா என்று லீஃப்லெட்டின் கன்டெயின்ஸ் என்ற வசதி மூலம் சோதித்த பிறகே தளத்தை வெளியிடுங்கள். ஐந்து வரி நிரல் போதும்.